வீங்கிய காலுக்கு வேண்டியது நாள்தோறும் கவனிப்பு

யானைக்கால் நோயை ஒழிக்க, ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் அனைவருக்கும் டி.இ.சி. மாத்திரை வழங்கும் முன்னோடித் திட்டம் தமிழகத்தில் 1996-ஆம் ஆண்டு கடலூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. இம்மாத்திரை ரத்தத்தில் உள்ள நுண்புழுக்களை அழிப்பதால், கியூலெக்ஸ் கொசு வழியே நோய் அடுத்தவருக்குப் பரவுவது குறைகிறது. ஆனால், ஏற்கெனவே வீங்கிய காலை அது பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை.

வீக்கம் கூடிக்கொண்டே போவதற்குப் புழு மட்டும் காரணமன்று. நிணநீர் நாளங்கள் பழுதடைந்த காலில், விரலிடுக்குச் சேற்றுப்புண் வழியே பாக்டீரியா நுழைகிறது, குளிர்காய்ச்சல் வருகிறது, நெறி கட்டுகிறது. இவ்வாறு காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும்போது வீக்கமும் படிப்படியாக முற்றுகிறது. இதைப் பெருமளவு வீட்டிலேயே தடுக்க இயலும்.

நாள்தோறும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்குகளை மென்துணியால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். வெடிப்போ புண்ணோ இருந்தால் மருத்துவர் கூறிய களிம்பைப் பூச வேண்டும். அமரும்போதும் உறங்கும்போதும் காலை உயர்த்தி வைத்தல், கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல், இறுக்காத செருப்பு அணிதல் ஆகியவையும் அவசியம். காய்ச்சல் கண்டால் பயிற்சியை நிறுத்தி ஓய்வெடுத்து, மருத்துவரை நாட வேண்டும். காலைக் கீறிவிடுவதும் சூடு வைப்பதும் கூடவே கூடாது.

சிதம்பரத்தைச் சுற்றியுள்ள வயல்களில் சேற்றில் நின்று நடவு செய்வோருக்கு இவற்றைக் கடைப்பிடிப்பது எளிதன்று. நான்காம் நிலை நோயாளிகளுக்குத் தமிழக அரசு மாதம் ரூ.1,000 உதவித்தொகை அளிக்கிறது. முதல் நிலையில் இருப்பவர் நான்காம் நிலையை அடையாமல் காப்பதே அதைவிடப் பெரிய உதவி. அதற்குக் களிம்பும் செருப்பும், கழுவும் முறையைச் செய்துகாட்டும் செவிலியரும் நோயாளியின் வீட்டு வாசலுக்கே வந்து சேர வேண்டும்.