இரண்டாவது பெட்டி

ஆரணிப் பக்கத்து நெசவு வீடுகளில் தறிச் சத்தம் கேளாதவர் நம்மில் எவரும் இரார். சேலைக் கரையில் மயிலும் மாங்காயும் எழுவது தறியின் மேலே தொங்கும் துளையிட்ட அட்டைகளால்தான் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கறிவர். 1804ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் அமைத்த முறை அது. ஒரே வடிவத்தைப் பத்துத் தறிகளில் நெய்ய வேண்டுமானால் பத்துத் தொகுதி அட்டைகள் வேண்டும். முதல் தொகுதியைப் பார்த்து அப்படியே குத்திக்கொண்டால் போதும். ஒவ்வொரு பூவையும் மறுபடி வரைய வேண்டியதில்லை.

எங்கள் கணிப்பொறி அறையில் நாங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவே. ஒரு கணிப்பொறியில் லினக்ஸ், பதினொன்றாம் வகுப்புக்குரிய சி++, பன்னிரண்டாம் வகுப்புக்குரிய பைத்தான், தமிழ் எழுத்துருக்கள் ஆகிய அனைத்தையும் பொறுமையாக நிறுவிக்கொள்கிறோம். பிறகு அதன் டிஸ்கில் உள்ளதை முழுமையாகப் படியெடுத்து சர்வரில் வைக்கிறோம். இப்படிக்கு ‘இமேஜ்’ என்று பெயர். மற்றக் கணிப்பொறிகள் தம் டிஸ்கிலிருந்து தொடங்காமல், வலைக் கம்பி வழியாகச் சர்வரைக் கேட்டுத் தொடங்கி, அந்த இமேஜைப் பெற்றுத் தம்மீது எழுதிக்கொள்கின்றன. இதற்கு உதவும் மென்பொருள் ‘ஃபாக்’. சக் சிபெர்ஸ்கி, ஜியான் ஜாங் என்னும் இருவர் 2007இல் தொடங்கியது, விலையின்றிக் கிடைப்பது. நம் போன்ற பள்ளிகளுக்கு இது பெரிய அனுகூலம் அல்லவா?

அப்படியானால் இரண்டாவது சர்வர் எதற்கு? வீண் செலவு என்றே எங்களில் சிலரும் முதலில் நினைத்தோம். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் வாய் மூடினோம்.

ஓர் இமேஜ் 15 ஜிபி என்று கொள்வோம். கீழ் வகுப்புக் கணிப்பொறிகள் 15, அடுத்த கட்டடத்தில் உள்ளன. இரு கட்டடங்களையும் இணைப்பது ஒரே ஒரு பழைய கம்பி. வினாடிக்கு 100 மெகாபிட், அதாவது சுமார் 12 மெகாபைட்தான் அதில் செல்லும். 15 கணிப்பொறிகளும் தனித்தனியே கேட்டால் 225 ஜிபி அக்கம்பியைக் கடக்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுத்த கட்டடத்திலேயே ஒரு சர்வர் இருந்தால், அதே இமேஜ் கம்பியை ஒரே ஒரு முறை, சுமார் 21 நிமிடத்தில் கடந்துவிடும். பிறகு அங்கேயே பரிமாற்றம். (எல்லாக் கணிப்பொறிகளையும் ஒன்றாகக் காத்திருக்கச் செய்து ஒரே தடவை அனுப்பும் ‘மல்டிகாஸ்ட்’ முறையும் ஃபாக்கில் உண்டு. ஆனால் ஒன்று தாமதித்தால் அனைத்தும் தாமதிக்கும். பந்தியில் கடைசி இலைக்காகக் காத்திருப்பது போல!)

செய்முறைத் தேர்வு நெருங்கும் நாளில் ஐந்து மணி நேரம் என்பது சிறிய விஷயமன்று.

அமைக்கும் வேலை கடினமில்லை. பழைய கணிப்பொறி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, மாறாத முகவரி கொடுத்து, இமேஜ்கள் அனைத்தும் கொள்ளும் பெரிய டிஸ்கைப் பொருத்தினோம். முதல் சர்வரில் உள்ள அதே பதிப்பு ஃபாக்கை இதிலும் நிறுவ வேண்டும். நிறுவும்போது முழுச் சர்வரா, சேமிப்புச் சர்வரா என்று அது கேட்கும். சேமிப்பு என்று விடையளித்தோம். அடுத்து முதல் சர்வரின் முகவரியையும் அதன் தகவல் தளத்துக்கான கடவுச்சொல்லையும் கேட்கும். பிறகு முதல் சர்வரின் பக்கத்தில் இரண்டையும் ஒரே குழுவில் சேர்த்து, முதலாவதைத் தலைமை என்று குறிக்க வேண்டும். புதிய இமேஜ் எப்போதும் தலைமையில்தான் வந்து சேரும்; அங்கிருந்து மற்றதற்குத் தானாகவே படியாகும்.

படியாகும் என்று நாங்கள் காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை! இரண்டு நாள் தேடிய பின் தவறு எங்களுடையது என்று தெரிந்தது. ‘ஃபாக்பிராஜெக்ட்’ என்ற பயனர் பெயர் அம்மென்பொருளின் சொந்த உபயோகத்துக்கு உரியது. எங்களில் ஒருத்தி அதில் நுழைந்து கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள். இரு சர்வர்களும் பேசிக்கொள்ளும் வழி அடைபட்டுப்போயிற்று. பெயரைச் சொல்லமாட்டோம், இப்போது எங்களுள் மிகக் கவனமானவள் அவள்தான்.

அடுத்த கோளாறு வேடிக்கையானது. படி சரியாகச் சேர்ந்தும் அடுத்த கட்டடத்துக் கணிப்பொறிகளில் சில, பழையபடி கம்பியைக் கடந்து முதல் சர்வரிடமே போய் நின்றன. யாருக்கு வேலை குறைவோ அவரிடம் அனுப்புவதே ஃபாக்கின் வழக்கம். கட்டடம் எது என்று அதற்குத் தெரியாது. ‘லொகேஷன்’ என்னும் இணைப்பை இயக்கி, இன்ன கணிப்பொறி இன்ன இடத்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்த பிறகே ஒழுங்காயிற்று.

பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: “ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றும் அல்லவா?” நல்ல கேள்வி. விடை, பாதி ஆம், பாதி இல்லை. முதல் சர்வரின் டிஸ்க் பழுதானால் இமேஜ் இரண்டாவதில் பத்திரமாக இருக்கும். ஆனால் எந்தக் கணிப்பொறிக்கு எந்த இமேஜ் என்ற பதிவேடு முதல் சர்வரில் மட்டுமே உள்ளது. அது நின்றுபோனால் இரண்டாவது தானாக வேலை செய்யாது. இன்னும் ஒன்று. தலைமைச் சர்வரில் இமேஜ் கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டால், அடுத்த முறை படியெடுக்கும்போது இரண்டாவதிலும் அது அழிந்துவிடும். குறையுள்ள அட்டையைப் பார்த்துக் குத்திய அட்டையிலும் அதே குறை வருவதில் வியப்பென்ன?

ஆகவே பதிவேட்டையும் இமேஜ்களையும் தனி வெளி டிஸ்க் ஒன்றில் மாதம் ஒருமுறை எடுத்து, கம்பியைக் கழற்றி, அலுவலக இரும்பு அலமாரியில் வைக்கிறோம். சாவி தலைமையாசிரியை சிஸ்டரிடம் உள்ளது. சென்ற மாதம் எடுத்ததைக் காலியான ஒரு கணிப்பொறியில் திரும்ப எழுதிப் பார்த்தோம். பைத்தான் திறந்தது, தமிழ் எழுத்துருவும் சரியாக வந்தது. இந்த மாத முறை பதினொன்றாம் வகுப்பினருடையது.