நெடுவழிக்கு வண்டியை ஆயத்தஞ்செய்தல்

பதுளையிலிருந்து வரும் பெருவழி பசறையில் இரண்டாகக் கிளைக்கின்றது. ஒன்று லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடியை அடைகின்றது. மற்றையது மொனராகலைக்கு இறங்குகின்றது. 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகுல மலையின் சாரலில் தேயிலைக்கும் பனிக்கும் இடையே புறப்படும் வண்டி, ஒரே பகலில் வறண்ட சமவெளியின் புழுதியைக் காண்கின்றது. ஆதலின், பாதையற்ற நாடுகளை ஆராயச் செல்வோர் தம் வண்டியை எவ்வாறு ஆயத்தஞ்செய்கின்றனர் என்பதனை அறிவது நமக்குப் புறம்பான கல்வியன்று.

இத்தகைய பயணத்திற்குப் பேர்பெற்ற லாண்ட் றோவர் வண்டி 1948ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் அதன் உடல் அலுமினியக் கலவைத் தகட்டால் அமைக்கப்பட்டது. நான்கு சக்கரங்களுக்கும் வலுவைச் செலுத்துதலும், வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கும் தாழ்ந்த கியர் வரிசையும் அதன் சிறப்புகளாம்.

எனினும், வண்டியின் வலிமையினும் அதன்மீது ஏற்றும் சுமையின் அளவே முதலில் எண்ணத்தக்கது. மயிலிறகு போன்ற மென்பொருளும் மிகையாயின் அச்சுக்குக் கேடு என்னும் உண்மையைத் திருவள்ளுவர் வலியறிதலில் உணர்த்தியுள்ளார். ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். பெற்றோல் கிடைக்காத வழி 400 கிலோமீற்றர் என்றும், ஒரு லீற்றருக்கு வண்டி 8 கிலோமீற்றர் ஓடும் என்றும் கொண்டால் 50 லீற்றர் வேண்டும். சேறும் ஏற்றமும் கருதிக் காற்பங்கு கூட்டினால் அது 62.5 லீற்றராகும். எடை ஏறத்தாழ 46 கிலோகிராம். நால்வருக்கு மூன்று நாளைக்கு, ஆளொன்றுக்கு நாளும் 5 லீற்றர் வீதம், நீர் 60 கிலோகிராம். உணவும் கருவிகளும் ஏறுமுன்பே நூறு கிலோகிராமுக்கு மேலாயிற்று! பாரமானவற்றைத் தாழ்வாகவும் அச்சுகளுக்கு இடையிலும் கட்டுதல் வேண்டும். கூரைமேல் ஏற்றிய சுமை வளைவுகளில் வண்டியைக் கவிழ்க்க முயலும்.

மணலில் டயரின் காற்றைச் சிறிது குறைத்தால் அது நிலத்தில் நீளமாகப் படிந்து புதையாது செல்லும். நற்பாதையை அடைந்ததும் மீண்டும் காற்றேற்றாவிடில் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கலாம். ஆகவே காற்றுப் பம்பு இன்றியமையாதது. ஆற்றைக் கடக்கையில் இயந்திரம் உறிஞ்சும் காற்றுடன் நீர் புகுந்தால், நீர் சுருங்காமையால் உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும். இதனைத் தவிர்க்கவே காற்றுக்குழாயை உயர்த்துகின்றனர். இறங்குமுன் நீரின் ஆழத்தைக் கோலால் அளத்தலும் கடமையாகும்.

ஏறுதலினும் இறங்குதலே அரிது. நெடிய சரிவில் பிரேக்கையே நம்பினால் அது காய்ந்து பிடியிழக்கும். சரிவு தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாறி, இயந்திரமே வண்டியைத் தாங்குமாறு செய்தல் வேண்டும்.

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த அறுவர் இரண்டு லாண்ட் றோவர் வண்டிகளில் 1955 செப்டெம்பர் 1ஆம் திகதி இலண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச் 6ஆம் திகதி சிங்கப்பூரை அடைந்தனர். போர்க்காலத்தில் அமைக்கப்பட்ட லெடோ பாதை வழியே பர்மாவின் காடுகளையும் அவர்கள் கடந்தனர். அவற்றுள் ‘ஒக்ஸ்போர்ட்’ எனும் வண்டி 2019ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்கு மீண்டும் ஓடியது. எளிதிற் கழற்றிப் பழுதுபார்க்கத்தக்க பொறி நெடுங்காலம் வாழும் என்பதற்கு இது சான்றன்றோ?

மலையகத்தார்க்கு இவ்வறிவு பொழுதுபோக்கன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்ட லயங்களைப் புதைத்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் உயிர்களைக் கவர்ந்து பாதைகளை அறுத்தன. அத்தகைய நாளில் மருந்தைத் தோட்டத்திற்குக் கொண்டுசெல்வதும் நோயாளியை மருத்துவமனைக்கு இறக்குவதும் இத்தகைய வண்டியே. கயிறு, மண்வெட்டி, பம்பு, மாற்றுச்சக்கரம் ஆகியவை மழை தொடங்குமுன் அதில் இருத்தல் வேண்டும். புறப்படும் வேளையில் தேடுவது ஆயத்தமாகாது.