கொல்கத்தா டெர்பியை வென்று தந்த கிரேக்க வீரர்: யார் இந்த டியாமன்டகோஸ்?

கொல்கத்தா: ஈஸ்ட் பெங்கால் அணி வென்றால் அதன் ரசிகர்கள் இலிஷ் மீனையும், மோகன் பாகான் வென்றால் அந்த அணியின் ரசிகர்கள் இறாலையும் சமைத்துக் கொண்டாடுவது கொல்கத்தா வழக்கம். கரியாஹாட் போன்ற சந்தைகள் வரை எட்டும் இப்போட்டியில் முத்திரை பதித்தவர் கிரேக்க முன்கள வீரர் டிமிட்ரியோஸ் டியாமன்டகோஸ்.

1993-இல் பிறந்த அவர், ஒலிம்பியாகோஸ் அணியில் வளர்ந்து, ஜெர்மனி, குரோஷியா நாடுகளின் கிளப்புகளில் விளையாடினார். 2022-இல் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியில் இணைந்தார். 2023-24 ஐஎஸ்எல் தொடரில் 13 கோல்கள் அடித்து தங்கக் காலணி விருதை வென்றார்.

2024-இல் ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார். பூட்டானில் நடைபெற்ற ஏஎஃப்சி சேலஞ்ச் லீக் பிரிவுச் சுற்றில் 4 கோல்கள் அடித்து, அணி காலிறுதிக்கு முன்னேற உதவினார். எனினும், 2024-25 ஐஎஸ்எல் தொடரில் அணி 9-ஆம் இடத்தையே பிடித்ததால் விமர்சனங்கள் எழுந்தன.

அதற்கு 2025 ஆகஸ்ட் 17 அன்று பதில் கிடைத்தது. டூரண்ட் கோப்பை காலிறுதியில், முதல் பாதியிலேயே மாற்று வீரராகக் களமிறங்கிய அவர், பெனால்டி உட்பட இரு கோல்கள் அடித்தார். மோகன் பாகான் 2-1 என வீழ்ந்தது.

ஆனால், மூன்றே நாள்களில் அரையிறுதியில் டயமண்ட் ஹார்பர் அணியிடம் ஈஸ்ட் பெங்கால் தோற்றது. அவ்வாண்டே அவரும் கிளப்பிலிருந்து விடைபெற்றார். கோப்பை எதுவும் கைசேராதபோதிலும், டெர்பியில் அடித்த இரு கோல்கள் கொல்கத்தாவில் அவரது பெயரை நிலைநிறுத்தியுள்ளன.