"நான் இப்படித்தான்": இந்த எண்ணம் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

ஆரணியில் குழித்தறியில் நெய்பவருக்குக் கையும் காலும் தாமாக ஓடும். மனம் மட்டும், "பட்டு நெசவை விட்டால் எனக்கு என்ன தெரியும்?" என்று பழைய பல்லவியையே பாடும். ஏன்?

பழகிய வேலை நடக்கும்போது மூளை ஓய்வெடுப்பதில்லை. நெற்றிக்குப் பின்னுள்ள நடுப்பகுதி உள்ளிட்ட ஒரு வலைப்பின்னல் விழித்துக்கொள்கிறது. மூளை ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்லின் குழு 2001இல் இதை 'இயல்புநிலை' இயக்கம் என்றது. பழைய நினைவு, நாளைய கவலை, ஊர் என்ன சொல்லும் என்ற எண்ணம் எல்லாம் இங்கே கோக்கப்பட்டு 'நான்' என்ற கதையாகின்றன. திரும்பத் திரும்பக் கேட்டது உண்மைபோலத் தோன்றுவது மனத்தின் சுபாவம்.

எப்படித் தளரும்? வாதாடினால் கதை நீளும், அவ்வளவுதான். மிதிகட்டையில் அழுந்தும் பாதத்தை, மூச்சைக் கவனிப்பது வேறு வழி. டொரன்டோவில் நார்மன் ஃபார்ப் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கவனிக்க 8 வாரம் பயின்றவர்கள் கணநேர அனுபவத்தைக் கவனித்தபோது அந்த நடுப்பகுதி அடங்கியது. உடலுணர்வைப் பதியும் இன்சுலா கூடுதலாக இயங்கியது. எண்ணம் வரும், அதை எண்ணமாகவே பார்க்க முடியும்.

ஆரணி இருக்கும் இதே மாவட்டத்துத் திருவண்ணாமலைக்கு 1896இல் வந்த ரமண மகரிஷி, எண்ணம் யாருக்கு எழுகிறது என்றே விசாரிக்கச் சொன்னார். அது ஆய்வகம் தொட்டதைவிட ஆழமான கேள்வி. இரண்டையும் ஒன்றாக்குவது அவசரம். நெசவாளரின் கூலி போதாத கவலைக்கோ மூச்சுப் பயிற்சி மருந்தல்ல. அதற்குக் கூலிதான் உயர வேண்டும்.