மின்வேலை எஸ்டிமேட்: மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீங்க

புதுசா போர் போட்டாச்சு, தண்ணியும் வந்தாச்சு. அடுத்தது மோட்டார் ரூமிலிருந்து அங்கே கரண்ட் கொண்டு போகணும். இரண்டு எலக்ட்ரீஷியனைக் கேட்கிறோம். ஒருவர் 1,00,000 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 82,000 என்கிறார். நம்மில் பலர் உடனே குறைந்த தொகைக்குச் சரி சொல்லிவிடுகிறோம். அந்த 18,000 ரூபாய் எங்கே குறைந்தது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

மின்வேலைக்கு விலை சொல்வதில் மூன்று வழக்கம் இருக்கிறது. முதலாவது, 'போன மாசம் பக்கத்துத் தோட்டத்துல இவ்ளோ ஆச்சு' என்று பழைய வேலையை வைத்துச் சொல்லும் குத்துமதிப்பு. இரண்டாவது, பாயிண்ட் கணக்கு. லைட், ஃபேன், பிளக் என்று எண்ணி, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்பது. வீட்டு வயரிங்குக்கு இது ஓரளவு சரிவரும். தோட்டத்துக்கு வராது, ஏனென்றால் இங்கே பாயிண்ட் ஒன்றுதான், தூரம்தான் செலவு. மூன்றாவது, இடத்தை அளந்து ஒவ்வொரு சாமானையும் பட்டியல் போட்டு, கூலியைத் தனியாகக் காட்டுவது. மோட்டார் வேலைக்கு நாம் கேட்க வேண்டியது இந்த மூன்றாவது வகையைத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இதில் உள்ள விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர்க் கடை விலையை விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

5 எச்.பி. மூன்று ஃபேஸ் சப்மெர்சிபிள் மோட்டார். மோட்டார் ரூமிலிருந்து போருக்கு 225 மீட்டர். மோட்டார் இறங்கும் ஆழம் 200 அடி, அதாவது 60 மீட்டர். வளைவு, இணைப்புக்கு 15 மீட்டர். ஆக 300 மீட்டர் கேபிள். தரைத் தூரத்தை மட்டும் அளந்து ஆழத்தை விட்டுவிடும் எஸ்டிமேட்டில்தான் பாதி வேலையில் 'இன்னும் கேபிள் வாங்கணும்ணே' என்ற பேச்சு வரும்.

4 சதுர மி.மீ. காப்பர் கேபிள் மீட்டர் 180 ரூபாய் வீதம் 54,000. ஸ்டார்ட்டர், மெயின் சுவிட்ச், எர்த், கேபிள் போகும் பைப் எல்லாம் 26,000. சாமான் மொத்தம் 80,000. எலக்ட்ரீஷியனும் உதவியாளும் சேர்ந்து நாளுக்கு 2,000 வீதம் மூன்று நாள் கூலி 6,000. வண்டி வாடகை, கருவித் தேய்மானம், பிறகு ஒருமுறை வந்து பார்க்கும் செலவு 4,000. அடக்கம் 90,000. லாபம் 10,000. இதுதான் அந்த ஒரு லட்சம்.

இப்போது 4க்குப் பதில் 2.5 சதுர மி.மீ. கேபிள் போட்டால்? மீட்டருக்கு 60 ரூபாய் குறையும். 300 மீட்டருக்கு 18,000. அவ்வளவுதான், 82,000 வந்துவிட்டது! கூலியும் குறையவில்லை, லாபமும் குறையவில்லை. கம்பிதான் மெலிந்திருக்கிறது.

மெலிந்தால் என்ன? இந்த மோட்டார் சுமார் 8 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 2.5 கேபிளில் 300 மீட்டர் தூரத்தில் சுமார் 25 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். 4 கேபிளில் சுமார் 15 வோல்ட்தான் போகும். நம் பக்கம் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும்போதே பல நேரம் 415 வோல்ட் முழுசாக வருவதில்லை. அதிலும் 25 குறைந்தால், அதே தண்ணீரைத் தூக்க மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். காயில் சூடாகும். நாளடைவில் எரியும். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இந்த நட்டம் பில்லில் தெரியாது. காயில் கட்டும் கடையில்தான் தெரியும். அதுவும் பயிர் வாடும் நேரத்தில்.

விலையைக் குறைக்க அடுத்து கை வைக்கும் இடம் எர்த். மூன்று ஃபேஸ் மோட்டாருக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஈரத் தரையில், வெறுங்காலில் நின்று ஸ்டார்ட்டரைத் தொடுகிறவர்கள் நாம். இதில் மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவது.

ஆகவே எஸ்டிமேட் வாங்கும்போது இவற்றை எழுதி வாங்குங்கள்:

1. கேபிள் காப்பரா, அலுமினியமா? எத்தனை சதுர மி.மீ.? எத்தனை மீட்டர்? எந்தக் கம்பெனி? ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா?
2. எர்த் எத்தனை?
3. பள்ளம் தோண்டுவது யார் பொறுப்பு? நம் ஆட்களே தோண்டினால் அந்தக் கூலி கழியும்.
4. ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா?
5. இந்த விலை எத்தனை நாளைக்கு? காப்பர் விலை அடிக்கடி மாறும்.
6. மீந்த கேபிள் யாருக்கு?

இரண்டு பேரிடமும் ஒரே அளவு, ஒரே சாமான் பட்டியலைக் கொடுத்து விலை கேளுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும். அதன்பிறகு பேரம் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் கூலியையும் லாபத்தையும் அடிமட்டத்துக்கு அடித்தால், அவர் அதைச் சாமானில்தான் எடுப்பார். உரிமம் பெற்று, முறையாக வேலை செய்கிறவருக்கு அவர் கூலி நியாயமானது.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. நல்ல ஒப்பந்தக்காரர் தன் கூலி, வண்டி, தேய்மானம் எல்லாம் கூட்டிய பிறகுதான் லாபத்தைச் சேர்க்கிறார். நாம் செக்கெண்ணெய்க்கோ அரிசிக்கோ விலை வைக்கும்போது நம் உழைப்பையே விட்டுவிடுகிறோம். இன்னொன்று: அடக்கம் 80 ரூபாய் என்றால், அதன்மேல் 20 சதவீதம் சேர்த்து 96க்கு விற்றால் விற்ற பணத்தில் 20 சதவீதம் நிற்காது. 16 ரூபாய்தான் நிற்கும். விற்பதில் 20 சதவீதம் நிற்க வேண்டுமானால் 100 ரூபாய் வைக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் தாளை வாங்கிப் பார்க்கும் அன்றைக்கே, நம் விளைபொருளுக்கும் இப்படி ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்வோம்.