உஷார்! ஒரு கையில் மட்டும் பிரஷர் பார்த்துவிட்டு எழுந்து வராதீர்கள்

இடது கையில் மெஷின் மூன்று முறையும் கோளாறு என்றே காட்டியது. "பட்டை சரியில்லைக்கா, அந்தக் கையை நீட்டுங்க" என்றார் கிளினிக் பெண். வலது கையில் 128 வந்தது. எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

கிள்ளானில் இருக்கும் என் சித்தி மகளுக்கு இரண்டு வருடத்தில் மூன்று தடவை இப்படி நடந்தது. துணி காயப்போடக் கையைத் தூக்கினால் இடது கை கடுகடுத்து மரத்துவிடும். மகளுக்கு ஒரு ஜடை பின்னி முடிப்பதற்குள் இரண்டு முறை கையை இறக்கி உதறிக்கொள்வாள். வேலைக் களைப்பு, ரத்தசோகை, தூக்கம் போதவில்லை என்று நாங்களும் ஆளுக்கொன்று சொன்னோம். கடைசியில் படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியே அவள் விடிய விடிய உட்கார்ந்திருந்த பிறகுதான் எக்கோ எடுத்தார்கள். பெருந்தமனி வால்வு முழுதாக மூடாமல், இதயம் வெளியே தள்ளிய ரத்தம் திரும்ப உள்ளேயே கசிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அப்போது வயது 31.

மெஷினும் பட்டையும் நன்றாகத்தான் இருந்தன. அந்தக் கைக்குப் போகும் ரத்தக்குழாய்தான் அடைபட்டுக் கிடந்தது.

இந்த நோய்க்குத் தகாயாசு என்று பெயர். 1908இல் ஒரு இளம்பெண்ணின் கண்ணுக்குள் வழக்கத்துக்கு மாறான ரத்தக்குழாய்களைக் கண்டு சொன்ன ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிதோ தகாயாசுவின் பெயர் அது. நாடி கிடைக்காத நோய் என்றும் சொல்வார்கள். வேலியே பயிரை மேய்வதுபோல, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே பெருந்தமனியின் சுவரையும் அதன் பெரிய கிளைகளையும் தாக்குகிறது. கிளைகள் தடித்துச் சுருங்கும். பெருந்தமனியின் அடிப்பகுதியோ சிலருக்கு விரிந்துவிடும். விரிந்தால் வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாது, ரத்தம் கசியும். அரிய நோய்தான். ஆனாலும் ஆசியப் பெண்களிடம் அதிகம் தெரிகிறது, பெரும்பாலும் 40 வயதுக்குள்ளேயே பிடிக்கிறது. சின்னப் பெண்ணுக்கு என்ன இதய நோய் வந்துவிடப்போகிறது என்று நாம் அசட்டையாக இருக்கும் வயது அது.

அதனால் தயவுசெய்து இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 10 புள்ளிக்கு மேல் இருந்தால் ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள். 20ஐத் தொட்டால் அந்த வாரமே கேளுங்கள். நோய் ஏற்கெனவே இருக்கிறதென்றால் இன்னும் கவனம் வேண்டும். அடைபட்ட கையில் பிரஷர் குறைவாகக் காட்டும், உள்ளே அது எகிறிக்கொண்டிருக்கலாம். இரண்டு கையும் அடைபட்டிருந்தால் காலில் பார்க்க வேண்டியிருக்கும்.

ரத்தப் பரிசோதனை நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் ஒழுங்காக இருக்கும்போதே குழாய்ச் சுவரில் அழற்சி தொடர்வதுண்டு. வேலூர் சிஎம்சி உட்பட இந்திய மருத்துவர்கள் சேர்ந்து உருவாக்கிய ஐடாஸ் 2010 என்ற மதிப்பீட்டு முறை, நாடியைத் தொட்டும் குழாய்களின் ஓசையைக் கேட்டும் அறிகுறிகளை விசாரித்தும் நோயின் சூட்டை எடைபோடுகிறது. இதற்காகத்தான் ஒவ்வொரு தடவையும் கழுத்தையும் கையையும் தொட்டுப் பார்க்கும் மருத்துவரை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். வால்வு மாற்றும் நேரத்தைக் குறிப்பதிலும் இந்தச் சூடு முக்கியம். அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது அவசரப்பட்டு அறுவை செய்தால் தையல் பிடிக்காமல் போகலாம், புதிய வால்வே பெயர்ந்துவிடலாம். முடிந்த வரை முதலில் மருந்தால் அடக்கிவிட்டுத்தான் கத்தியைத் தொடுவார்கள்.

இங்கே மலேசியாவில் இன்னொரு சிக்கல். இதயத்துக்கு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இருதயக் கழகம், ரத்தக்குழாய் அழற்சிக்குச் செலாயாங் மருத்துவமனையோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமோ என்று பலருக்கும் இரண்டு இடம், இரண்டு கோப்பு. ஒருவர் மாற்றிய மருந்து மற்றவருக்குத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு இரண்டு இடத்துக்கும் கொண்டுபோங்கள்.

முகம் உப்புகிறது, எடை கூடுகிறது என்று அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவே கூடாது. வாரக்கணக்கில் எடுத்தவர் திடீரென்று விட்டால் வாந்தி வரலாம், பிரஷர் விழுந்து மயக்கமேகூட வரலாம். சொந்தக்காரர் கொடுக்கும் வேர்ப்பொடி, மஜூன், ஜாமு எதையும் தொடாதீர்கள். பதிவு பெறாத பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருந்தால்கூட, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர் மருந்தாளரிடம் கேட்காமல் வாயில் போடக் கூடாது. இயந்திர வால்வு வைத்தவருக்கு ரத்தம் உறைந்தாலும் ஆபத்து, நிற்காமல் ஓடினாலும் ஆபத்து. வார்ஃபரின் சாப்பிடுபவர் முருங்கைக்கீரையை விட வேண்டாம். வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் ஏறி இறங்காமல் நிற்கும்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கர்ப்பமாவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். அழற்சியை அடக்கத் தரும் மெத்தோட்ரெக்சேட், வார்ஃபரின் இரண்டுமே கருவைப் பாதிக்கக்கூடியவை. மருந்தை மாற்ற அவகாசம் வேண்டும். அதே மாதிரி, செயற்கை வால்வு உள்ளவர் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் பல் கிளினிக்கில் நாற்காலியில் சாய்ந்த பிறகு சொல்லிப் பயனில்லை. அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே சொல்லுங்கள்.

எனக்கு அதிகப் பயம் தருவது காய்ச்சல். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிக் காட்டும். 37.8 டிகிரி என்பது ஸ்டீராய்டும் செயற்கை வால்வுமாக இருப்பவர்களுக்குச் சின்னக் காய்ச்சல் இல்லை. வால்வில் கிருமி தொற்றியிருக்கலாம். கையிலிருக்கும் பழைய ஆன்டிபயாட்டிக்கைப் போட்டால் ரத்தக் கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகலாம். அல்லது டெங்கியாக இருக்கலாம், நாம் இருப்பது சிலாங்கூரில். டெங்கியில் தட்டணுக்கள் சரியும்போது உடம்பில் வார்ஃபரினும் இருந்தால் ரத்தக்கசிவு எங்கே தொடங்கும் என்று சொல்ல முடியாது. வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டவே வேண்டாம். வார்ஃபரினை நிறுத்துவதா தொடர்வதா என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அன்றைக்கே தெங்கு அம்புவான் ரஹிமாவோ கோலாலம்பூர் மருத்துவமனையோ, பக்கத்தில் இருக்கும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், நிற்காத ரத்தம் என்றால் 999.

கவுன்டரில் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். இப்போது செயற்கை வால்வோடு இருக்கும் என் சித்தி மகள் ஒரு அட்டையில் எழுதி அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறாள். வீட்டில் உள்ள எல்லோருக்கும் அந்த வரி மனப்பாடம்: "சாயா அடா இன்ஜாப் ஜந்தோங் தீருவான், மாக்கான் வார்ஃபரின் டான் ஸ்டீரோயிட்." எனக்குச் செயற்கை இதய வால்வு இருக்கிறது, வார்ஃபரினும் ஸ்டீராய்டும் சாப்பிடுகிறேன் என்று பொருள்.