நாணயத்தில் ஏறிய கப்பல்கள்

கரக்பூர் பணிமனையில் வேலை பார்த்த நாளிலேயே எனக்குப் பழைய நாணயங்களில் ஆசை உண்டு. ஓய்வு பெற்றதும் அது முற்றிவிட்டது. பாய்மரக் கப்பல் பொறித்தது என்றால் தனிப் பிரியம்.

முதலில் கைக்கு வந்தது அமெரிக்காவின் கொலம்பஸ் அரை டாலர். அந்நாட்டின் முதல் நினைவு நாணயம் இதுதான். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டி வெளியிட்டார்கள். ஒரு பக்கம் கொலம்பஸ். மறுபக்கம் அவருடைய 'சான்டா மரியா' கப்பல். எடை 12.5 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி.

"நூறு வருஷத்துப் பழசு சார், இனி கிடைக்காது" என்றார் கடைக்காரர். கேட்டதைக் கொடுத்தேன். விவரம் பிறகுதான் தெரிந்தது. 1892, 1893 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 50 லட்சம் நாணயங்கள் அச்சாகியிருக்கின்றன! அரை டாலரைக் கண்காட்சியில் ஒரு டாலருக்கு விற்றார்கள். அத்தனையும் விலை போகவில்லை. சுமார் 25 லட்சத்தை உருக்கிவிட்டார்கள். மிஞ்சியவற்றில் பல சாதாரணச் சில்லறையாகப் புழங்கித் தேய்ந்தன. ஆக, வயது இருக்கிறது, அருமை இல்லை.

அடுத்தது மேஃப்ளவர் கப்பல் பொறித்த அரை டாலர். 1620-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறப் போனவர்களின் கப்பல் அது. முந்நூறாம் ஆண்டு நினைவாக 1920-இல் வந்தது. 1921-இல் மறுபடி அச்சிட்டார்கள். கப்பலின் முகப்பில் ஒரு முக்கோணப் பாய் காட்டியிருக்கிறார்கள். 1620-இல் அந்த வகைப் பாயே கிடையாது! எங்கள் டிராயிங் ஆபீஸாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம்.

விலை விஷயத்தில் கவனிக்க வேண்டியது தேதியை. 1920-இல் அச்சானதில் உருக்கியது போக ஒன்றரை லட்சம் மிஞ்சியது. 1921-இல் ஏறத்தாழ 20,000 மட்டுமே. அந்த ஆண்டு நாணயத்தில், தலை உருவம் உள்ள பக்கத்தில் 1921 என்று சிறிதாக இருக்கும். கப்பல் ஒன்றுதான், விலையில் வித்தியாசம் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொலம்பஸ் நாணயம் கறுத்திருக்கிறதே என்று, குத்துவிளக்கைத் தேய்ப்பது போல விபூதி போட்டுத் தேய்த்துவிட்டேன். பளபளவென்று ஆயிற்று. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேலெல்லாம் மெல்லிய கீறல். சேகரிப்பவர்கள் அதைக் கையில் வாங்கியதும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கறுப்பு வெள்ளிக்கு இயல்பாகப் படிவது. அப்படியே விட்டிருக்க வேண்டும். மேஃப்ளவரை நான் தொடவில்லை. வீட்டிலும் எட்டாத அலமாரியில் வைத்திருக்கிறேன், கார்த்திகைக்கு விளக்குத் தேய்க்கும்போது அதுவும் அகப்பட்டுவிடக் கூடாதே!